கேளுங்க, சொல்லுதேன்: கொடை நோட்டீஸும் கோரைப்பாயும்

எல்லாருக்கும் வணக்கம். நான் கல்லிடைக்குறிச்சிக்காரி, பாளையங்கோட்டைல ஒரு காலேஜ்ல கிராபிக் டிசைன் கடைசி வருஷம் படிக்கேன். டிசைன் படிப்பு பத்தி என்ன சந்தேகம்னாலும் எழுதுங்கன்னு போன மாசம் இந்தப் பக்கத்துல கேட்டிருந்தோம், நான் நினைச்சதைவிட நிறைய வந்திருக்கு, பாதிக்கு மேல அப்பா அம்மாமாரு எழுதினது. ஒண்ணுபோல இருந்த கேள்விய சேத்துட்டு, எனக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்லுதேன். நான் இன்னும் சம்பளத்துக்கு வேலை பாக்கல, படிச்சுக்கிட்டிருக்க பிள்ளைதான், அதையும் மனசுல வச்சுக்கிட்டு வாசிங்க.

நாலு மாசத்துல கம்ப்யூட்டர் சென்டர்லயே போட்டோஷாப், கோரல் ரெண்டும் சொல்லிக் குடுத்துருதாங்க. பொறவு எதுக்கு மூணு வருஷம், நாலு வருஷம் காலேஜ்? மகன் பிடிவாதமா நிக்கான்.
– ஒரு தகப்பனார், வீரவநல்லூர்

அண்ணாச்சி, நீங்க கேக்கது நியாயமான கேள்வி, எங்கப்பாவும் இதைத்தான் கேட்டாங்க. சாப்ட்வேர் மட்டும் போதும்னா நாலு மாசம் தாராளம். ஆனா எங்களை மொத செமஸ்டர் பூரா கம்ப்யூட்டரைத் தொடவே விடல. மொத வாரம் வெறும் கோடு, ஸ்கேல் வைக்காம பேப்பர்ல மேல இருந்து கீழ வரைக்கும் கையாலயே இழுக்கணும், ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் ஒரே இடைவெளி இருக்கணும், அப்படி ஷீட் ஷீட்டா. அடுத்து போஸ்டர் கலரை வச்சு கறுப்புல இருந்து வெள்ளைக்குப் பத்து படி, எந்தப் படியும் துள்ளித் தெரியக்கூடாது. கை வலிச்சுச்சு, அழுகையா வந்துச்சு, ஆனா அதுக்குப் பொறவு ரெண்டு சாம்பல் நிறத்தைப் பக்கத்துல வச்சா எது ஒரு பொட்டு கூடன்னு கண்ணு தானா சொல்லுது.

பொறவு ஒரு வாரம் பூரா 'அ'ங்கிற ஒரே எழுத்து. கறுப்பு சார்ட்ல ஒரு முழ உயரத்துக்கு வெட்டணும். நான் கறுப்பைத்தான் வெட்டுதோம்னு நினைச்சுக்கிட்டு பிளேடை ஓட்டிக்கிட்டிருந்தேன், கையில வந்து விழுந்தது பூரா எழுத்துக்கு உள்ளயும் சுத்தியும் இருக்கிற காலி இடம், ஒரு துண்டு புளியங்கொட்டை மாதிரி, ஒண்ணு அரிவாள் வளைவு மாதிரி. மேஜைல அதுகளை வரிசையா பரப்பி வச்சப்போ எங்க சார் வந்து பாத்துட்டு, இனி எழுத்தைப் பாக்காத தாயி, எழுத்து விட்டுட்டுப் போன இடத்தைப் பாருன்னாங்க. சின்ன வயசுல இருந்து அந்த எழுத்தை எழுதிக்கிட்டிருந்தவ அன்னைக்குத்தான் அதைப் பாத்தேன். இப்படிக் கண்ணையும் கையையும் மொதல்ல பழக்குற அடிப்படைப் பாடம் 1919-ல ஜெர்மனில ஆரம்பிச்ச பௌஹவுஸ் பள்ளிக்கூடத்துல இருந்து உலகம் பூரா பரவினதுன்னு வரலாற்றுப் பாடத்துல வரும். இந்தப் பழக்கத்தை நாலு மாசத்துல குடுக்க முடியாது அண்ணாச்சி.

ஃபீஸ்தான் கவலைன்னா சென்னைலயும் கும்பகோணத்துலயும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கு, சென்னைல இருக்கது 1850-லயே ஆரம்பிச்சது. தனியார்ல கட்டுற பணத்தோட ஒப்பிட்டா அங்க செலவு கம்மி. பையன் கணக்குலயும் கெட்டின்னா ஐஐடி பம்பாய் நடத்துற யூசீட்ங்கிற டிசைன் நுழைவுப் பரீட்சையும் எழுதட்டும். எங்க சேத்தாலும் அதுக்கு முன்னாடி அவன் வரைஞ்ச நோட்டை ஒருநா ராத்திரி நீங்களே எடுத்து ஒவ்வொரு பக்கமா பாருங்க.

அக்கா, அசைன்மெண்ட்ல குடுக்கிறது எல்லாமே கற்பனைக் கம்பெனி, கற்பனை சோப்பு. நெசமான வேலைக்கு இது உதவுதா?
– முதலாம் ஆண்டு மாணவி, திசையன்விளை

தங்கச்சி, இதுக்கு என் கதையைத்தான் சொல்லணும், கொஞ்சம் நீளமாப் போகும்.

நான் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது எங்க ஆச்சி ஊருல குலசாமி கோயில் கொடை, அதாவது திருவிழா. எங்கப்பா கமிட்டில போயி, எம்மவ டிசைன்தானே படிக்கா, நோட்டீஸை அவளே பண்ணட்டும்னு சொல்லிட்டாங்க. ஆயிரம் காப்பி. கோயில் வரி குடுத்த தலைக்கட்டு (குடும்பத் தலைவருங்க) பேரு பூரா ஒரு நோட்டுல எழுதிக் கொண்டாந்து தந்தாங்க. எனக்கு சந்தோஷம் தாங்கல, ஒரு வாரம் ராத்திரி பூரா உக்காந்து பண்ணினேன், அரக்கு கலர் பேக்ரவுண்டு, ஓரத்துல கோபுர வேலைப்பாடு, சாமி படத்துக்குப் பின்னால ஒளி வட்டம், அடியில வெளிர் மஞ்சக் கட்டத்துக்குள்ள எல்லாப் பேரும் ஏழு பாயிண்ட்ல, அதாவது ரொம்பப் பொடி எழுத்துல. ஸ்கிரீன்ல அவ்வளவு அழகு.

அச்சாகி வந்த கட்டைப் பிரிச்சா பேரு எல்லாம் மங்கிக் கிடக்கு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஓரத்துல சிவப்பு, மறு ஓரத்துல நீலம், நிழல் விழுந்த மாதிரி. தப்பு என் ஃபைல்ல. நான் போட்ட கறுப்பு, நாலு மையும் கலந்த கறுப்பு. மல்டிகலர் அச்சுல நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்புன்னு நாலு பிளேட்டு, ஒவ்வொண்ணும் தனித்தனியா பேப்பர்ல இறங்கும், பேப்பர் ஒரு மயிரிழை நகந்தாலும் நாலும் ஒண்ணுமேல ஒண்ணு உக்காராது, ரெஜிஸ்டர் விலகிட்டும்பாங்க. பெரிய படத்துல அது கண்ணுக்கே தெரியாது, ஏழு பாயிண்ட் எழுத்துல எழுத்தையே தின்னுரும். அதனால சின்ன எழுத்துன்னா கறுப்பு பிளேட்ல மட்டும் நூறு சதவீதம், மத்த மூணுலயும் பூஜ்யம். இது எங்க ரெண்டாவது செமஸ்டர் பாடம், நோட்டுல எழுதி அடிக்கோடு கூட போட்டு வச்சிருந்தேன்.

ஆனா அதைவிடப் பெரிய அடி வேற. கொடைக்கு ரெண்டு நா முன்னாடி பக்கத்து வீட்டுத் தாத்தா நோட்டீஸை ட்யூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் புடிச்சு, முன்னயும் பின்னயும் தள்ளித் தள்ளிப் பாத்துட்டு எங்கிட்ட, "மதியக் கொடை எத்தன மணிக்கு தாயி?"ன்னு கேட்டாங்க. நேரம் அதுல இருந்துச்சு. கால்நாட்டு, குடியழைப்பு, மதியக் கொடை, சாமக் கொடை, வில்லிசை எல்லாத்துக்கும் நான் நேரம் போட்டிருந்தேன், ஆனா ஒரே பத்தியா, பந்தல் போடுறவுக பேருக்கு என்ன சைஸோ அதே சைஸ்ல. ஒரு நோட்டீஸை மனுசங்க எதுக்குக் கையில எடுக்காங்களோ அதையே நான் ஒளிச்சு வச்சுட்டேன்.

அடுத்த வருஷமும் நானே பண்ணுதேன்னு கேட்டு வாங்கினேன். இந்தத் தடவை கம்ப்யூட்டரைத் தொறக்குறதுக்கு முன்னாடி ரெண்டு நா ஊர்லயே சுத்தினேன், நோட்டீஸ் எங்கெங்க போய்ச் சேருதுன்னு பாக்கதுக்கு. ஒண்ணு டீக்கடைச் செவுரு, அங்க நாலு அடி தள்ளி நின்னுக்கிட்டே படிப்பாங்க. ரெண்டு கையில வச்சுப் படிக்கிற வயசாளுங்க. மூணாவது மும்பைலயும் சென்னைலயும் இருக்க சொந்தக்காரங்க, அவங்களுக்கு யாராச்சும் போன்ல போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க, மங்கலா, கோணலா. இந்த மூணு கண்ணுக்கும் தெரியணும். அதனால மல்டிகலரே வேண்டாம்னு முடிவு பண்ணினேன். மஞ்ச பேப்பர்ல ஒத்தக் கறுப்பு, செலவும் கொறஞ்சுச்சு. மணியையும் கொடை பேரையும் மட்டும் இடது பக்கம் தனியா ஒரு பத்தியா நிறுத்தி, டீக்கடை பெஞ்சுல இருந்து தெரியுற அளவுக்குத் தடிமனாக்கினேன். வரிப் பேரு பதினோரு பாயிண்ட்ல மூணு பத்தி.

பேரு வரிசைல ஒரு பெரிய பிரச்சினை, யாரு பேரு மேல, யாரு கீழன்னு வருஷா வருஷம் மனஸ்தாபம் வரும். நான் தெரு வாரியாப் பிரிச்சு, தெருவுக்குள்ள அகர வரிசைல போட்டுட்டேன், யாரும் ஒண்ணும் சொல்ல முடியல, தன் பேரைத் தேடிக் கண்டுபிடிக்கவும் சுளுவா இருந்துச்சு. சாமி படம் சின்னதா இருக்குன்னு மட்டும் கமிட்டில சொன்னாங்க, அது அவங்க சொன்னதுதான் சரி, பெருசாக்கினேன்.

கொடை முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு ஒரு வீட்டுக்குப் போனப்போ அந்த நோட்டீஸ் காலண்டர் ஆணில தொங்கிச்சு, சாமக் கொடை வரியைச் சுத்தி யாரோ பால்பாயிண்ட்ல வட்டம் போட்டிருந்தாங்க. நான் நின்னு பாத்தேன். வட்டம் போட வேண்டியிருந்துச்சுன்னா அது இன்னும் போதலன்னுதானே அர்த்தம், அடுத்த கொடைக்கு அந்த வரியை இன்னும் ரெண்டு பாயிண்ட் ஏத்தணும்னு குறிச்சு வச்சிருக்கேன்.

அந்தக் கற்பனை சோப்பு அசைன்மெண்ட் இங்கதான் உதவிச்சு தங்கச்சி. ஒரே வாசகத்தை அஞ்சு விதமா அடுக்குன்னு குடுப்பாங்க, மொத தடவை எழுத்து சைஸை மட்டும் மாத்தலாம், அடுத்தது தடிமனை மட்டும், அடுத்தது இடைவெளியை மட்டும். பண்ணும்போது எதுக்கு இதுன்னு எரிச்சலா இருக்கும். மணி பத்தியைத் தனியா தூக்கி நிறுத்தணும்னு எனக்குத் தோணினது அந்த இடைவெளிப் பாடத்துல இருந்துதான். அதனால கற்பனை சோப்பை நல்லா பண்ணு, கூடவே வருஷத்துக்கு ஒண்ணாச்சும் உன் ஊரு ஆளுங்க கையில போற மாதிரி ஒரு வேலை பண்ணு, ரெண்டும் சேந்தாத்தான் படிப்பு.

தமிழ் யூனிகோட்ல டைப் பண்ணி போட்டோஷாப்ல ஒட்டினா 'கொ' உடைஞ்சு போகுது, கொம்பு ஒரு பக்கம் காலு ஒரு பக்கம் நிக்கி. அதனாலயே இன்னும் பாமினிங்கிற பழைய ஃபாண்ட்லதான் அடிக்கேன். சரிதானா?
– டிடிபி கடைல வேலை பாக்கிறவர், மேலப்பாளையம்

அண்ணே, உங்க ஃபைல்ல தப்பே இல்ல. யூனிகோட்ல, அதாவது எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்து முறைல, 'கொ'ங்கிறது மொதல்ல 'க', பின்னால ஒகரக் குறி, அம்புட்டுதான். அதைப் பிரிச்சு கொம்பை முன்னாடியும் காலைப் பின்னாடியும் வைக்கிறது சாப்ட்வேரோட பொறுப்பு. போட்டோஷாப்ல ப்ரிஃபரன்ஸுக்குள்ள டைப்புங்கிற இடத்துல போயி, பழைய வெர்ஷன்னா 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்', அதுக்குப் பொறவு வந்த சில வெர்ஷன்னா 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்', அதைத் தேர்ந்தெடுத்துட்டு புதுசா ஒரு ஃபைல் தொறந்து ஒட்டிப் பாருங்க. இன்டிசைன்ல பாராகிராஃப் மெனுவுல 'வேர்ல்ட் ரெடி பாராகிராஃப் கம்போஸர்'னு இருக்கும்.

பாமினிய விடச் சொல்லுததுக்கு ஒரு காரணம் இருக்கு. பாமினில நீங்க 'அம்மா'ன்னு அடிச்சா பாக்கத்தான் அம்மா, ஃபைலுக்குள்ள இருக்கது இங்கிலீஷ் எம், கே, செமிகோலன், கே, ஹெச். நாளைக்கு அந்த ஃபாண்ட் இல்லாத மெஷின்ல தொறந்தா அதுதான் வரும். போன்ல தேட முடியாது, பார்வையில்லாதவங்களுக்கு வாசிச்சுக் காட்டுற சாப்ட்வேரும் அதை எம் கேன்னுதான் வாசிக்கும். எத்தனையோ கடைல வருஷக் கணக்கா சேத்து வச்ச மேட்டர் இப்படிப் பூட்டிக் கிடக்கு, எனக்கு அதை நினைச்சா மனசு கிடந்து அடிச்சுக்கிடும். ஃபாண்டுக்கும் பஞ்சமில்ல இப்போ, நோட்டோ தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, அனேக் தமிழ், பலூ தம்பி எல்லாம் கூகுள் ஃபாண்ட்ஸ்ல இலவசமாக் கிடக்கு.

இன்னொண்ணு, தலைப்பை அகலமாக்கணும்னு எழுத்துக்கு எழுத்து இடைவெளிய இழுக்காதீங்க அண்ணே. இங்கிலீஷ் கேப்பிடல் எழுத்துல அது நல்லாருக்கும். தமிழ்ல காலும் கொம்பும் அதனதன் எழுத்தோட ஒட்டி நின்னாத்தான் வாசிக்க வரும், இழுத்தா துணைக்கால் அனாதையா நிக்கும், ஒருசில ஃபாண்ட்ல அது 'ர' மாதிரியே இருக்குமா, வார்த்தையே மாறிரும். வரிக்கு நடுவுலயும் தாராளமா இடம் விடுங்க, மேல கீ, தீ சுழி இருக்கு, கீழ கூ, ஞு வாலு இருக்கு, ரெண்டும் முட்டக்கூடாது.

ஐடியாவே வர மாட்டேங்குது அக்கா. எல்லாரும் பின்ட்ரெஸ்ட் ஆப்ல படம் பாத்துப் பண்ணுதாங்க, நானும் அப்படித்தான் பண்ணுதேன், ஆனா எதுவுமே என்னோடதுன்னு தோணல.
– ஒரு மாணவி, கடையம்

எனக்கும் ஒன்றரை வருஷம் அப்படித்தான் போச்சுடா. பேட்டர்ன் டிசைன்னு ஒரு பேப்பர், கிரிட் வச்சு ஒரு வடிவம் உருவாக்கணும், நான் போனைத் தொறந்து யாரோ எங்கயோ பண்ணினதைப் பாத்து கலர் மாத்திக் கொண்டு போனேன். சார் ஒண்ணுமே சொல்லல, தினம் எந்த வழியா காலேஜுக்கு வாரன்னு மட்டும் கேட்டாங்க. சேரன்மாதேவி, பத்தமடை, மேலச்செவல்னு சொன்னேன். பத்தமடைல என்னைக்காச்சும் இறங்கியிருக்கியான்னாங்க. இறங்கினதே இல்ல.

அந்த சனிக்கிழமை இறங்கினேன். பாய் நெய்யுற ஒரு வீட்டுல என்னை வாசல்லயே உக்கார வச்சுக்கிட்டாங்க, நான் பேசாம பாத்துக்கிட்டே இருந்தேன். தாமிரபரணிக் கரைக் கோரைய வெட்டிக் காய வச்சு, தண்ணில ஊறப் போட்டு, மெல்லிசா கிழிச்சு, தரையோட தரையா இழுத்துக் கட்டின பருத்தி நூலுக்குள்ள ஒவ்வொண்ணா செலுத்துதாங்க. அந்த வீட்டுல கல்யாணப் பாய் ஒண்ணு பாதில நின்னுச்சு. பொண்ணு மாப்பிள்ளை பேரு ரெண்டும் பாய்லயே நெய்யுறது. குனிஞ்சு பக்கத்துல வச்சுப் பாத்தேன், நூலு நேரா போகும், கோரை குறுக்க போகும், வளைவுங்கிறதே அங்க கிடையாது. ஆனா நம்ம எழுத்து பூரா வளைவுதானே. அந்த அம்மா 'கு'வோட சுழிய படி படியா ஏத்தி, மூலைல ஒரு கோரைய மட்டும் விட்டுக் குடுத்து திருப்பியிருக்காங்க, ஒரு கை தூரம் தள்ளி நின்னு பாத்தா அது உருண்டையாத் தெரியுது. பிக்சல்னு, அதாவது சின்னச் சின்னக் கட்டமா படம் வரையுறதுன்னு, நாங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து படிச்சது என் பஸ்ஸு நிக்கிற ஸ்டாப்புல இருந்துருக்கு.

வீட்டுக்கு வந்து கட்டம் போட்ட கணக்கு நோட்டுல பதினெட்டு உகர எழுத்தையும் கட்டம் கட்டமா நிரப்பிப் பாத்தேன். தமிழ்ல உகரக் குறி எல்லா எழுத்துலயும் ஒரே மாதிரி ஒட்டாது பாத்துக்க, 'கு'ல ஒரு மாதிரி, 'சு'ல ஒரு மாதிரி, 'து'ல வேற, உகரம் ஊகாரம் சேந்து முப்பத்தாறு உருவம் தனித்தனியா வரையணும். மூணு வாரம் ஆச்சு. 'ஞூ'வுக்கு எத்தனை கட்டம் குடுத்தாலும் போதல, கடைசில அதுக்காக எல்லா எழுத்தையும் ரெண்டு கட்டம் உயரமாக்கினேன். மார்க் சுமாராத்தான் வந்துச்சு. ஆனா அது என்னோடது.

பின்ட்ரெஸ்ட் பாக்காதன்னு சொல்லல, நானும் பாக்கேன். அதுல எல்லாம் முடிஞ்ச பொருளா வருது, பண்ணின கை தெரியாது. கடையத்துல உன் தெருவுலயே யாராச்சும் கையால ஏதாச்சும் பண்ணிக்கிட்டிருப்பாங்க, ஓலைக் கொட்டான் முடையுறவுக, போர்டு எழுதுறவுக, பூ கட்டுறவுக. ஒரு மணி நேரம் பக்கத்துல உக்காரு, போனை எடுக்காம நோட்டுல வரை.

டிசைன்னாலே வெளிநாட்டு வரலாறுதான் பாடத்துல வருது. நம்ம பக்கத்துல சொல்லிக்கிறதுக்கு ஏதும் உண்டா?
– ஓவிய ஆசிரியை, அம்பாசமுத்திரம்

டீச்சர், உங்க பஸ்ஸு தூரத்துலயே திருப்புடைமருதூர் இருக்கு, நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள்ள அஞ்சு நிலைலயும் பழைய சுவர் ஓவியம். அதுல கப்பல்ல குதிரை வந்து இறங்குற காட்சி ஒண்ணு உண்டு. கட்டம் கட்டமா கதை சொல்லுத அடுக்கு, எந்த லேஅவுட் பாடத்துக்கும் குறைஞ்சதில்ல. குற்றாலத்துல சுவர் பூரா ஓவியம் இருக்கிற சித்திரசபை இருக்கு. நான் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா மொத அங்கதான் போவேன்.

அச்சுன்னு எடுத்துக்கிட்டா 1578-ல கொல்லத்துல அச்சான தம்பிரான் வணக்கம், 16 பக்கம், இந்திய மொழில இந்தியால அச்சான மொத புத்தகம். அதைக் கொண்டாந்த போர்ச்சுகல் பாதிரியார் அன்றீக் அடிகளார் வேலை பாத்தது நம்ம முத்துக்குளித்துறைக் கரைல, புன்னைக்காயல் பக்கம். எகர ஏகாரத்துக்கு வித்தியாசம் தெரிய இப்போ நாம போடுற ரெட்டைச்சுழிக் கொம்பு வீரமாமுனிவர் செஞ்ச திருத்தம், அவர் கோவில்பட்டி பக்கம் காமநாயக்கன்பட்டில இருந்தவர். 1935-ல பெரியார் குடி அரசுல கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-ல தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்டு ஆணை போட்டுச்சு, யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு வச்ச பழைய 'லை', 'னை' எல்லாம் அப்போ போனதுதான், அப்போ மாறினது மொத்தம் 13 எழுத்து. இன்னமும் டவுன்ல பழைய கட்டடத்து முகப்புல அந்தத் தும்பிக்கை எழுத்தைப் பாக்கலாம், இடிக்கிறதுக்கு முன்னாடி பிள்ளைகளை விட்டு டிரேஸ் எடுக்கச் சொல்லுங்க டீச்சர்.

பொறவு காலண்டர். கோவில்பட்டிக்கு நாடகக் கம்பெனில சீன் வரைய வந்து அங்கயே தங்கிட்ட கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைஞ்ச சாமி படம் சிவகாசில அச்சாகி எத்தனையோ வீட்டு பூஜை அறைக்குப் போச்சு. நம்ம ஆச்சிமாரு கண்ணை மூடினா தெரியுற முருகனும் லெச்சுமியும் அவங்க கோடுதான். இது பாடத்துல ஒரு வரி கூட வரலங்கிறதுல எனக்கு ரொம்ப வருத்தம் உண்டு.

ஜூரில (ஆசிரியருங்க உக்காந்து எங்க வேலைய மதிப்பிடுற நாளுல) எல்லார் முன்னாடியும் என் வேலைய நல்லா இல்லன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு நாளா காலேஜுக்கே போகல.
– ஒரு மாணவர், நாங்குநேரி

தம்பி, மொதல்ல நாளைக்குக் காலேஜுக்குப் போ. நானும் அப்படிப் படுத்துக் கிடந்திருக்கேன், அந்த ரெண்டு நாளுல ஒண்ணும் சரியாகல. நான் பண்ணுதது என்னன்னா, ஜூரில சொல்லச் சொல்ல பதிலே பேசாம எழுதிக்கிடுவேன், ஃப்ரெண்டு யாரையாச்சும் எழுதச் சொன்னா இன்னும் நல்லது, நமக்கு அப்போ காது சரியா கேக்காது. ராத்திரி அதைப் பிரிச்சுப் பாப்பேன். 'நல்லா இல்ல'ங்கிறதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, அதை அடிச்சுருவேன். 'தலைப்பு எங்கன்னு தேட வேண்டியிருக்கு'ன்னு யாராச்சும் சொல்லியிருந்தா அது தங்கம், அதை வச்சுக்கிடுவேன். பாதிக்கு மேல அடிச்சது போக மூணு நாலு தேறும். அது மூணையும் திருத்திட்டு, மதிப்பெண்ணுக்கு இல்லன்னாலும் கொண்டு போயி சார்கிட்ட காட்டு. ஆள் முன்னாடி வச்சு மனசு நோகுற மாதிரி பேசினது தப்புதான், அதை நான் சரின்னு சொல்ல மாட்டேன்.

ஏஐ ஒரு நிமிஷத்துல போஸ்டர் போட்டுருது. இனிமே இந்தப் படிப்புக்கு வேலை இருக்குமா?
– ஒரு வாசகர், தென்காசி

நாளைக்கு என்ன ஆகும்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன் சார், எனக்கும் பயம் இருக்கு. கொடை நோட்டீஸுக்கு நானும் ஒண்ணு ரெண்டு தடவை போட்டுப் பாத்தேன், படம் பளபளன்னு வந்துச்சு, தமிழ் எழுத்து பிஞ்சு பிஞ்சு வந்துச்சு, இல்லாத எழுத்தெல்லாம் இருந்துச்சு. அது சீக்கிரம் சரியாயிரும்னுதான் நினைக்கேன். ஆனா டீக்கடைச் செவுத்துல எத்தனை அடி தள்ளி நிக்காங்கன்னு யாராச்சும் போயி நின்னு பாத்துத்தானே ஆகணும், இப்போதைக்கு நான் அதை நம்பித்தான் படிக்கேன்.

சொந்தக்காரங்க எல்லாம் சும்மா லோகோ போட்டுக் குடுன்னு கேக்காங்க. எப்படி மறுக்க?
– ஒரு மாணவி, சங்கரன்கோவில்

சித்தி, மாமா, மைனி கேட்டா ஒரு தடவை பண்ணிக் குடுத்துரு, நமக்கும் பழக்கம். ஆனா ரெண்டு தடவைக்கு மேல மாத்தித் தர மாட்டேன்னு மொதல்லயே சொல்லிரு, அதைச் சிரிச்சுக்கிட்டே சொல்லலாம். வியாபாரத்துக்குன்னா கண்டிப்பா பணம் வாங்கு, கொஞ்சமா இருந்தாலும் வாங்கு, பணம் குடுத்தவுகதான் ப்ரூஃப்பை (அச்சுக்கு முன்னாடி பிழை பாக்கக் குடுக்கிற மாதிரிய) ஒழுங்கா பாத்துத் தருவாங்க.

எங்க வீட்டுல லேப்டாப் வாங்க முடியாது. அதுவரைக்கும் நான் என்ன பண்ணட்டும் அக்கா?
– ப்ளஸ் டூ மாணவி, களக்காடு

அதுக்காகக் காத்திருக்காதடா. மேல சொன்னேனே, மொத செமஸ்டருக்கு எங்களுக்கே கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு கட்டம் போட்ட நோட்டு, ஒரு கட்டம் போடாத நோட்டு, ரெண்டு பென்சில், கறுப்பு சார்ட், பிளேடு, இதை வச்சு அந்த மொத செமஸ்டர் பாடத்தைப் பாதி முடிச்சுரலாம். உன் பேருல இருக்க எழுத்தை ஒவ்வொண்ணா வெட்டிப் பாரு, வெட்டின துண்டையும் தூரப் போடாம ஒட்டி வை. மளிகைக் கடைப் பொட்டலம், தீப்பெட்டி, கல்யாணப் பத்திரிகை கையில கிடைச்சதெல்லாம் சேத்து வச்சு எது சட்டுன்னு கண்ணுல படுது, எது தேட வைக்குதுன்னு பின்னால எழுதி வை, அட்மிஷன்ல இந்த நோட்டைக் காட்டலாம்.

ஸ்கூல் லேப்லயோ தெரிஞ்சவங்க வீட்டுலயோ மெஷின் கிடைச்சா இங்க்ஸ்கேப், கிம்ப், கிரிட்டா, ஸ்கிரைபஸ்னு டிசைன் சாப்ட்வேர் எல்லாமே இலவசம். இங்க்ஸ்கேப்ல தமிழ் யூனிகோட் உடையாம வரும், ஆரம்பிக்க அதுவே நல்லது. பிளேடு பிடிக்கும்போது மட்டும் கீழ பழைய நோட்டு அட்டையக் குடுத்துக்கோ, விரலை கோட்டுக்கு முன்னாடி வைக்காத, எனக்கு இடது கைல இன்னும் தழும்பு இருக்கு.